கை சரியாகிவிட்டது, கணக்குதான் தப்புகிறது

விருதுநகர் மாவட்டத்திலிருந்து 61 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். முப்பது வருடங்களாக ஹார்டுவேர் கடை நடத்துகிறார். ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலை, கையில் இருந்த டீ கிளாஸ் நழுவி விழுந்தது, பேச்சு குழறியது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மூளையில், இடது தலாமஸ் என்ற பகுதியில் 9 மில்லிமீட்டர் அளவில் ஒரு சின்ன அடைப்பு என்று ஸ்கேன் சொன்னது. கை ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. ‘மைல்ட் ஸ்ட்ரோக்தான், பயப்பட ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிட்டார்கள்.

கடைக்குத் திரும்பிய பிறகுதான் சிக்கல். வாடிக்கையாளர் பேசிக்கொண்டே இருந்தால் கூட்டல் தப்புகிறது. யாருக்குக் கடன் கொடுத்தோம் என்பது மறந்துபோகிறது. தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது. கடைப்பையன் முதல் எழுத்தைச் சொன்னால் உடனே வந்துவிடுகிறது. காலை பதினொன்றரை மணிவாக்கில்தான் மிக மோசம், தலை ‘மரத்துப்போன மாதிரி’ ஆகிவிடுகிறது. இரண்டு முறை மாத்திரையை மறுபடியும் போட்டுக்கொண்டார். டி.வி.யில் கல்யாணக் காட்சி வந்தால்கூடக் கண்ணீர் வருகிறது. மகன் ‘அப்பாவுக்குச் சோம்பல் வந்துவிட்டது’ என்கிறார். அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய் இருந்ததால் தனக்கும் அதுதான் தொடங்கிவிட்டதோ என்று பயம். ஞாபகசக்தி டானிக் வாங்கிக் குடிக்கிறார். கொலஸ்ட்ரால் மாத்திரைதான் மறதிக்குக் காரணம் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னதால் அதை நிறுத்தலாமா என்று கேட்கிறார். கடையையும் வீட்டையும் இப்போதே மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடலாமா என்பது கடைசிக் கேள்வி. சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். இந்த ஒரு காரியத்தை எல்லோரும் செய்தால் என் வேலை பாதியாகிவிடும்.

அன்புள்ள ஐயா,

‘மைல்ட்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். பக்கவாதத்தின் கடுமையை ஆஸ்பத்திரியில் கை, கால், முகம், பேச்சு, பார்வை இவற்றை வைத்துத்தான் அளக்கிறார்கள். அந்த மதிப்பெண் பட்டியலில் கணக்குக்கோ ஞாபகத்துக்கோ தனியாக இடமே கிடையாது. கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினீர்கள், மைல்ட் என்று எழுதினார்கள். ஆனால் உங்களுக்கு அடைப்பு வந்த தலாமஸ், மூளையின் நடுவில் இருக்கும் ஜங்ஷன். கவனம், விழிப்பு, ஞாபகம் தொடர்பான பாதைகள் பல அதன் வழியாகத்தான் போகின்றன. பெரிய வயல்வெளியில் ஒரு ஏக்கர் தண்ணீரில் மூழ்கினாலும் ஊர் தாங்கும். மதகில் ஒரு கல் சிக்கினால் பாசனமே தடுமாறும். 9 மில்லிமீட்டர் என்பது அந்தக் கல். ஆகவே நீங்கள் சொல்வது கற்பனையும் இல்லை, சோம்பலும் இல்லை.

இது மறதி நோயா?

பெயர் வரவில்லை, முதல் எழுத்தைச் சொன்னால் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு நிம்மதி தந்த வரி அதுதான். சரக்கு குடோனில் இருக்கிறது. எடுத்துக் கொடுக்கும் ஆள்தான் மெதுவாகிவிட்டார். அல்சைமர் போன்ற நோயில் பெரும்பாலும் குடோனே காலியாகிறது. அங்கே முதல் எழுத்தைச் சொன்னாலும், மூன்று பெயர்களைச் சொல்லி ‘இதில் எது’ என்று கேட்டாலும் பெரிய பலன் இருக்காது. இன்னொரு வித்தியாசம், அது எப்போது தொடங்கியது என்று யாராலும் தேதி சொல்ல முடியாது. உங்களுக்கு நாள், நேரம், டீ கிளாஸ் உட்படத் தெரிகிறது.

இப்படிப்பட்ட சிறு குழாய் அடைப்புக்குப் பிறகு முதலில் அடிபடுவது வேகமும், ஒரே நேரத்தில் இரண்டு காரியத்தைப் பிடித்துக்கொள்ளும் திறனும். கூட்டல் உங்களுக்கு மறக்கவில்லை. அமைதியாக உட்கார்ந்தால் சரியாகவே போடுகிறீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எதிரே ஒருவர் ‘அரை இஞ்ச் எல்போ இருக்கா’ என்று கேட்கும்போதுதான் பாதிக் கூட்டல் கையை விட்டுப் போகிறது. கடன் கொடுத்தது மறப்பதும் அப்படித்தான். கொடுத்த அந்த நிமிடத்தில் கவனம் வேறெங்கோ இருந்ததால் அது பதியவே இல்லை. பதியாததை எப்படித் தேடினாலும் கிடைக்காது.

முழு நிம்மதியும் தந்துவிட முடியாது. முதல் பக்கவாதத்துக்குப் பிறகு ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய் வருகிறது. லேசான பக்கவாதமாக இருந்தால் அதைவிடச் சற்றுக் குறைவு. இரண்டாவது பக்கவாதம் வந்துவிட்டால் மூன்றில் ஒருவருக்கு மேல். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் இன்று உங்கள் கையில் இருக்கிறது. அம்மாவுக்கு இருந்தது என்பது உங்கள் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டலாம், ஆனால் உங்கள் விதியை எழுதிவிடாது. மூளை தானாகத் தேறுவதில் பெரும்பகுதி முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் நடக்கும். அதன் பிறகும் ஒரு வருடம் வரை மெதுவாக முன்னேற்றம் உண்டு.

சோதனை செய்துகொள்ளும்போது ஒரு எச்சரிக்கை. ‘இன்று என்ன தேதி, இது எந்த ஊர்’ என்று கேட்கும் பழைய சோதனையில் உங்களைப் போன்றவர் 30-க்கு 28 வாங்கி, ‘எல்லாம் நார்மல்’ என்று வீடு திரும்பிவிடுவார். ‘மோக்கா’ என்ற சோதனையைக் கேளுங்கள். தமிழிலும் இருக்கிறது, கால் மணி நேரம்கூட ஆகாது. கடிகாரம் வரைவது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது, எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைப்பது, ஐந்து சொற்களைச் சற்று நேரம் கழித்துச் சொல்வது என்று உங்கள் குறை எங்கே இருக்கிறதோ அங்கே தொட்டுப் பார்க்கும். கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போங்கள். காது மந்தமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குறைவாகப் படித்தவர்களுக்கு மதிப்பெண் கொஞ்சம் குறையும், அதைக் கணக்கில் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். இது பாஸ், ஃபெயில் பரீட்சை இல்லை. இன்றைய எண்ணைக் குறித்துவைத்து, ஆறு மாதம் கழித்து வரும் எண்ணோடு ஒப்பிடுவதில்தான் அதன் பயன். மனைவியையோ மகனையோ கூட அழைத்துப் போங்கள். வீட்டில் நடப்பது மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

பதினொன்றரை மணியும் மாத்திரை அட்டைகளும்

எல்லாவற்றையும் தலாமஸ் தலையில் கட்டிவிடுவதற்கு முன்னால், உங்கள் படங்களிலும் கடிதத்திலும் நான் பார்த்த நான்கு விஷயங்கள். இவற்றில் ஒன்று சரியானாலும் நீங்கள் வித்தியாசத்தை உணரலாம்.

முதலாவது சுகர். காலையில் கிளிமிப்ரைடு போடுகிறீர்கள். ‘கடை திறக்கும் அவசரத்தில் டீயும் ரெண்டு பிஸ்கட்டும்தான்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மாத்திரை நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது, தன் பாட்டுக்குச் சுகரை இறக்கிக்கொண்டே போகும். பதினொன்றரை மணிக்குத் தலை மரத்துப்போவது தாழ்சுகராக இருக்கலாம். அடுத்த முறை அப்படி ஆகும்போது, அந்த நிமிடமே விரலில் குத்திக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மீட்டர் கைவசம் இல்லையென்றால் முதலில் சர்க்கரையைக் குடியுங்கள், பிறகு மீட்டரைத் தேடலாம். ஒரு முறை 70-க்குக் கீழே வந்தாலும் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கும். மாத்திரையை இரண்டு முறை போட்டுக்கொண்டதாகச் சொன்னீர்களே, அது இந்த மாத்திரையாக இருந்தால் விளையாட்டில்லை.

இரண்டாவது, பிரஷர் மாத்திரை. பெயருக்குப் பின்னால் ‘ஹெச்’ என்று ஒரு எழுத்து இருக்கிறது பாருங்கள். அதில் நீர் பிரியும் மருந்தும் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நல்ல மருந்துதான், ஆனால் வயதானவர்களில் சிலருக்கு ரத்தத்தில் சோடியத்தை இறக்கிவிடும். சோடியம் குறைந்தால் மந்தம், தடுமாற்றம், மறதி. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அதே ரத்தத்தில் தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச்., வைட்டமின் பி12 இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது சகஜம். கூடவே அசிடிட்டி மாத்திரையும் இருந்தால் இன்னும் சகஜம்.

மூன்றாவது, தூக்க மாத்திரை. ‘மெடிக்கல்ல கேட்டு வாங்கினது’ என்று எழுதியிருக்கும் அல்ப்ராசோலம் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. அது புதிய விஷயம் மனதில் பதிவதைத் தடுக்கும், பகலிலும் மந்தமாக்கும், இரவில் எழுந்தால் விழ வைக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர் விழுந்து தலையில் அடிபட்டால் அது தனி ஆபத்து. ஆனால் நான்கு மாதமாகத் தினமும் போட்டதைச் சட்டென்று நிறுத்தாதீர்கள், வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சளிக்கு வாங்கும் மாத்திரைகளில் பலவும் மூளையை மந்தப்படுத்துபவை. அவற்றையும் நீங்களாக வாங்காதீர்கள். இரவில் பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்கிறதா என்று மனைவியைக் கேளுங்கள். ஆம் என்றால் அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். அதற்குத் தூக்க மாத்திரை தீர்வல்ல, தீமை.

நான்காவது கண்ணீர். பக்கவாதத்துக்குப் பிறகு ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது கவனத்தையும் ஞாபகத்தையும் சேர்த்தே கீழே இழுக்கும். வருத்தமே இல்லாமல் சட்டென்று கண்ணீர் பொங்கி, ஒரு நிமிடத்தில் அடங்கிவிடுவது வேறு. அது உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பாதை அடிபட்டதால் வருவது. உங்களுக்கு இரண்டில் எது என்று நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். இரண்டுக்குமே மருந்து உண்டு. ‘காரியத்தைத் தொடங்கவே தோன்றவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் உங்கள் மகன் சோம்பல் என்கிறார். தொடங்கி வைக்கும் விசை மூளையில் பலவீனமாகியிருக்கிறது. யாராவது ‘வாங்கப்பா, ஸ்டாக் எடுப்போம்’ என்று கூடவே எழுந்தால் செய்துவிடுவீர்கள். இந்தப் பத்தியை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

டானிக்கும் கொலஸ்ட்ரால் மாத்திரையும்

உங்கள் இரவுக் கேப்ஸ்யூலின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரை தனியாக இல்லை. ஒரே கேப்ஸ்யூலுக்குள் அடோர்வாஸ்டேட்டின், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மூன்றும் இருக்கின்றன. பக்கத்துக் கடைக்காரர் பேச்சைக் கேட்டு ‘கொலஸ்ட்ரால் மாத்திரையை’ நிறுத்தியிருந்தால், ரத்தம் உறையாமல் காக்கும் இரண்டு மருந்துகளும் அன்றே நின்றுபோயிருக்கும். இப்படி நிறுத்திவிட்டு அடுத்த அடைப்போடு வருவது அபூர்வமில்லை. ஸ்டேட்டின், அதாவது அடோர்வாஸ்டேட்டின் வகைக் கொலஸ்ட்ரால் மருந்து, மறதி உண்டாக்கும் என்ற பேச்சுக்கு ஒரு மூலம் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-இல் மருந்துக் குறிப்பில் அப்படி ஒரு வரி சேர்த்தது. தீவிரமானது அல்ல, நிறுத்தினால் மாறிவிடும் என்றும் அதுவே சொன்னது. பெரிய ஆய்வுகளில் ஸ்டேட்டினால் ஞாபகம் கெடுவதாகத் தெரியவில்லை. உங்கள் கெட்ட கொலஸ்ட்ரால், அதாவது எல்.டி.எல்., 70-க்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு இந்தக் கேப்ஸ்யூலில் இருக்கும் 10 மில்லிகிராம் போதுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அதே கேப்ஸ்யூலைப் பற்றி மருத்துவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். லேசான பக்கவாதத்துக்கு ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் முதல் 21 நாள், சிலருக்கு 90 நாள்வரை சேர்த்துக் கொடுத்துவிட்டு, பிறகு ஒன்றை மட்டும் தொடர்வதே இன்றைய நடைமுறை. மூளையின் சிறு குழாய் அடைப்புக்கு இரண்டையும் நெடுநாள் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தக்கசிவுதான் கூடியது, பக்கவாதம் குறையவில்லை. இரண்டும் ஒரே கேப்ஸ்யூலில் இருப்பதால் ‘அதையே கன்டினியூ’ என்று நீண்டுகொண்டே போய்விடுகிறது. இதய ஸ்டென்ட் போன்ற வேறு காரணம் இருந்தால் தேவைப்படலாம். அதனால் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், கேள்வியை மட்டும் கொண்டு போங்கள்.

டானிக்கைப் பொறுத்தவரை, அட்டையில் சிட்டிகோலின் என்று போட்டிருக்கிறது. பக்கவாதம் வந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2012-இல் வெளியான பெரிய ஆய்வில் அது பலன் தரவில்லை. பெரிய தீங்கும் இல்லை, பர்ஸுக்குத் தவிர. வல்லாரையைத் துவையலாக அரைத்துச் சாப்பிடுங்கள், நன்றாக இருக்கும், மருந்தாக நம்பாதீர்கள். ஜிங்கோ என்ற மூலிகை கலந்த மாத்திரைகளைத் தொட வேண்டாம். உங்கள் மருந்துகளோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடலாம். அந்தக் காசுக்கு மேல்கையில் கட்டும் ஒரு பிரஷர் மெஷின் வாங்குங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையும் மாலையும் ஒரு வாரம் எழுதுங்கள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதியின் சராசரி 130-க்கு 80-க்குக் கீழே இருக்கிறதா பாருங்கள். உங்கள் ஞாபகத்துக்கு இருக்கும் பெரிய மருந்து பிரஷர் மாத்திரைதான். உப்பு வீட்டுச் சமையலும் ஊறுகாய், அப்பளம், கருவாடும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன், 5 கிராம், அதற்கு மேல் வேண்டாம்.

கல்லாவில் உட்காரும்போது

கடையை விட வேண்டாம். மூளைக்கு அதைவிட நல்ல பயிற்சியை நான் எழுதித் தர முடியாது. வேலை செய்யும் முறையை மட்டும் மாற்றுங்கள்.

பொருள் கைமாறும் முன் எழுத்து. கடன் நோட்டு கல்லாவின் மேல், நூல் கட்டிய பேனாவோடு, எப்போதும் திறந்தே இருக்கட்டும். பெயர், பொருள், தொகை மூன்றையும் எழுதிய பிறகே பொருள் மேஜையைத் தாண்ட வேண்டும். ‘அப்புறம் எழுதிக்கலாம்’ என்ற சொல்லை இந்த வருடம் மறந்துவிடுங்கள்.

பில் போடும்போது வேறு பேச்சு இல்லை. கார்பன் பில் புக்கில் ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். நடுவில் யாராவது கேட்டால், எந்த வரியில் நிற்கிறீர்களோ அதன்மேல் இடது கை விரலை வையுங்கள். ‘ஒரு நிமிஷம்ணே’ என்று சொல்லி வரியை முடித்துவிட்டு நிமிருங்கள். கால்குலேட்டரில் மனக்கணக்கைச் சேர்க்காதீர்கள். போன் கடைப்பையனிடம் இருக்கட்டும்.

நேரம். முதல் ஒரு மாதம் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை போதும். முக்கால் மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் பின்னால் போய்க் கண்ணை மூடி உட்காருங்கள். களைப்பு வந்த பிறகு ஓய்வெடுப்பது தாமதம்.

மாத்திரைக்கு ஏழு நாள் டப்பா வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மனைவி நிரப்பட்டும். அறை காலியென்றால் போட்டாயிற்று. சந்தேகம் வந்தால் அந்த வேளையை விட்டுவிடுங்கள், இரண்டாம் முறை போட வேண்டாம். தினமும் அரை மணி நடை, வாரத்தில் ஐந்து நாள். சரக்கெடுக்க மொபெட்டில் பைபாஸ் சாலையில் போவதை, நேரில் உங்கள் பக்கப்பார்வையையும் கவனத்தையும் சோதிக்கும்வரை நிறுத்திவையுங்கள். இரண்டு காரியத்தை ஒன்றாகப் பிடிக்க முடியாதவருக்கு, லாரி வரும் திருப்பத்தில் கூடுதல் நேரம் கிடைக்காது.

கையெழுத்து

மறதி இருக்கிறது என்பதால் மட்டும் உங்கள் கையெழுத்தின் தகுதி போய்விடாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் கேட்பது, கையெழுத்துப் போடும் அந்த நேரத்தில் அது என்னவென்று புரிந்து, நன்மை தீமையை எடைபோட முடிகிறதா என்பதைத்தான். நீங்கள் எழுதிய கடிதத்தைப் படித்தால் முடிகிறது என்றே தோன்றுகிறது. ஆகவே ‘இப்போதே எழுதாவிட்டால் பிறகு செல்லாது’ என்ற அவசரத்துக்கு இன்று ஆதாரம் இல்லை. இன்னும் தேறிக்கொண்டிருக்கும் காலத்தில், மனம் சோர்ந்திருக்கும்போது, திரும்பப் பெற முடியாத பத்திரம் எதிலும் கையெழுத்திட வேண்டாம் என்பது என் யோசனை.

மகனுக்கு உதவி தேவைப்படும் இடங்களை மட்டும் திறந்துவிடுங்கள்: கொள்முதலுக்குத் தனியாக ஒரு கூட்டுக் கணக்கு, உங்கள் போனில் பணம் அனுப்பும் வரம்பைச் சிறியதாக வைப்பது, பெரிய தொகைக்கு இருவரும் பார்ப்பது. பவர் பத்திரம் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் கொடுத்தவரின் மனநிலை தகுதி இழந்தால் பவரும் முடிந்துவிடும் என்பதே நம் சட்டம். எந்த நாளுக்காக எழுதினோமோ அந்த நாளில் அது உதவாது. உயில் எழுதுவது நல்லது. அன்றே ஒரு மருத்துவரின் சான்றும் வாங்கிவையுங்கள், பின்னால் வழக்கு வந்தால் கைகொடுக்கும். என்றைக்காவது தான செட்டில்மெண்ட் எழுதுவதாக இருந்தால், உங்களையும் மனைவியையும் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். அப்படி இருந்தால், 60 வயது கடந்தவர்களுக்கு 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிப்பு நின்றால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும் வழி தருகிறது. வாசகத்தை வக்கீல் எழுதட்டும். உங்கள் வக்கீல், மகனுடைய வக்கீல் இல்லை.

எப்போது ஓட வேண்டும்

இவ்வளவு நாள் இருந்த நிலை ஒரே நாளில் படியிறங்கினால், முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால், பார்வை பாதி மறைந்தால், நடை தள்ளாடினால் அது புதிய அடைப்பாக இருக்கலாம். உறைந்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் அவகாசம், அதிலும் முந்துவதற்குத்தான் பலன். போன தடவை தானாகச் சரியானது என்று காத்திருக்க வேண்டாம். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்கக் கூடாது. நீங்கள் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-க்குக் கூப்பிட வேண்டும், சி.டி. ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரி என்று கேட்டு. இதை மனைவி, மகன், கடைப்பையன் மூவருக்கும் இன்றே சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் உங்களால் சொல்ல முடியாமல் போகலாம்.